ஒட்டுப்படமும் தொகைநூலும்

தமிழ் இலக்கணத்தில் 'தொகை' என்னும் சொல் இருவேறு பொருள்பட வழங்குதலை மாணாக்கர் அறிவர். பலவற்றைத் திரட்டி ஓரிடத்து வைத்தல் ஒரு பொருள். எட்டுத்தொகை, குறுந்தொகை, கலித்தொகை என்னும் பெயர்கள் அப்பொருளில் எழுந்தன. சொற்கள் ஒன்றோடொன்று சேருமிடத்து உருபு முதலியன வெளிப்படாது மறைந்து நிற்றல் மற்றொரு பொருள். வேற்றுமைத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை என்பன அப்பொருளில் எழுந்தன. திரட்டும் செயலும் மறைந்து நிற்கும் நிலையும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது சிந்திக்கத்தக்கது. ஒன்றனைத் திரட்டத் தொடங்கிய பின்னரே அதில் எது இல்லை என்பது திரட்டுவோனுக்குத் தெரியவருகிறது.

இலக்கண விரிவுரை தொடரப்போகிறது என்று வாசகர் அஞ்ச வேண்டா. யான் ஈண்டு எழுத எடுத்துக்கொண்டது ஒட்டுப்படம் பற்றியே. சிறுவர் 'ஸ்டிக்கர்' என்று சொல்லும் சிறு படங்களைச் சேர்த்து, அவற்றுக்கென அச்சிட்ட அல்பத்தில் எண் பார்த்து ஒட்டி நிரப்பும் பழக்கம் பற்றியும், சிறப்பாகப் பழைய ஹொக்கி வீரர் படங்களைத் தேடிச் சேர்ப்போர் பற்றியும் சில சொல்ல விழைகிறேன். மாத்தளைக்காரன் ஒருவன் ஹொக்கியைப் பற்றி எழுதப் புகுந்தால் காரணம் கேட்பார் இலர். தமிழாசிரியன் ஒருவன் ஒட்டுப்படத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் காரணம் கூறியே ஆகவேண்டும். கட்டுரை முடிவதற்குள் அக்காரணம் விளங்கும் என நம்புகிறேன்.

படம் சேர்த்தல் நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த அட்டையிற் படம் அச்சிட்டு, அப்படத்தின் மீதுள்ள ஆசையால் விற்பனையைப் பெருக்கிய வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தனர். கனடாவில் இம்பீரியல் புகையிலை நிறுவனம் 1910-11 பருவத்தில் ஹொக்கி வீரர் 36 பேரின் படங்களை இவ்வாறு வெளியிட்டது. அந்நாட்டில் ஹொக்கி என்றால் பனித்தளத்திற் சறுக்கி ஆடுவது. நாம் ஆடும் புற்றரை ஹொக்கி வேறு. ஜெர்மனியிலோ சிகரெட்டுப் பெட்டிகளிற் கிடைத்த சீட்டுகளைக் கொடுத்துப் படங்களைப் பெற்று ஒட்டும் பெரிய அல்பங்கள் வெளிவந்தன. 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு அத்தகைய அல்பம் இரு தொகுதிகளாக அமைந்தது. இரண்டாம் தொகுதி பேர்லின் நகரத்துக் கோடை விளையாட்டுகளுக்கு உரியது. அந்தப் பேர்லினில்தான் தியான் சந்த் தலைமையிலான இந்திய ஹொக்கி அணி இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8-1 என்ற கணக்கில் வென்றது. அதற்கு நான்கு ஆண்டுகளின் முன், 1932இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிக் கப்பலேறிய இந்திய அணி வழியிற் கொழும்பில் இறங்கி இலங்கை அணிகளோடு ஆடிச் சென்றது. ஆடிய நம்மவர் கோல்களை எண்ணி எண்ணிக் களைத்தனர்.

இக்காலத்து அல்பத்துக்கு வடிவம் கொடுத்தோர் இத்தாலி நாட்டு மொடேனா நகரத்துப் பனீனி சகோதரர். செய்தித்தாட் கடை நடத்திய குடும்பத்தினராகிய இவர்கள் 1961ஆம் ஆண்டு காற்பந்து வீரர் அல்பத்தை வெளியிட்டனர். பெயரைக் கேட்டதும் வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியை நினைக்கும் தமிழாசிரியர் பலர் இருப்பர். அவர் சூத்திரங்களுக்கு வரிசை வகுத்தார். இவர்கள் முகங்களுக்கு வரிசை வகுத்தார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் இயங்கிய ஓ-பீ-சீ என்னும் சுவிங்கம் நிறுவனம் 1980களிற் பனீனியாரைக் கொண்டு ஹொக்கி ஒட்டுப்படங்களை அச்சிடுவித்தது. எட்மன்டன் அணியின் வெய்ன் கிரெட்ஸ்கி புகழோங்கிய காலம் அது. இன்று கனடாவிற் பழைய ஹொக்கி ஒட்டுப்படம் என்று நடுவயதினர் தேடி அலைவன பெரும்பாலும் இவையே.

இந்த அல்பத்தின் சூழ்ச்சி மூடிய பொதியில் இருக்கிறது. உள்ளே எவர் படம் இருக்கிறது என்று வாங்குமுன் தெரியாது. 100 கட்டங்கள் கொண்ட ஓர் அல்பத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாப் படங்களும் சம அளவில் அச்சிடப்பட்டன என்றும், ஒருவன் எவரோடும் மாற்றிக்கொள்ளாது தனித்தே வாங்குகிறான் என்றும் கொள்வோம். முதற் பாதியாகிய 50 கட்டங்களை நிரப்பச் சராசரியாக 69 படங்கள் போதும். முழு அல்பத்தையும் நிரப்ப ஏறத்தாழ 519 படங்கள் வேண்டும். இறுதிப் பத்துக் கட்டங்கள் மட்டுமே 293 படங்களை விழுங்கும். கடைசி ஒன்று மட்டும் 100 படங்களை விழுங்கும். கணித ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் இட்டுக் காட்டுதல் நன்று. தனித்து நின்று நிரப்ப முயல்வோன் வணிகனுக்கே உழைக்கிறான் என்பதை மாணவன் அன்றே உணர்ந்துகொள்வான்.

ஆனால் எந்தச் சிறுவனும் தனித்து நிரப்புவதில்லை. தன்னிடம் இரண்டாக உள்ளதை எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்கு ஓடுகிறான். 'இருக்கு, இருக்கு, இல்லை' என்று அடுக்கைப் புரட்டுகிறான். எனக்கு மிகையாயுள்ளது உனக்குக் குறையாயுள்ளது என்னும் பொருளியலை எட்டு வயதிற் கற்றுக்கொள்கிறான். பகைத்த பிள்ளையோடும் ஒரு படத்தின் பொருட்டுப் பேசவேண்டியிருக்கிறது. பாடசாலைகளில் ஒட்டுப்படத்தைப் பறித்து மேசை அறையிற் பூட்டிவைக்கும் ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணம் வீணாகிறது என்று அவர் கூறுவது முற்றும் பிழையன்று. மூடிய பொதியிற் சூதின் வாடை உண்டு. எனினும் வாங்குதல் வேறு, சேர்த்தல் வேறு. வாங்குதலைத் தடுக்கப் புகுந்து சேர்த்தலையும் சேர்த்தே தடுத்துவிடுகிறோம்.

எம் இளமையில் மாத்தளைக் கடைகளில் அச்சிட்ட ஹொக்கி அல்பம் எதனையும் யான் கண்டதில்லை. கணக்கு எழுதி முடிந்த பழைய பேரேடுதான் எமக்கு அல்பம். கோதுமைமாவைக் காய்ச்சிய கூழ்தான் பசை. பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டினோம். தீப்பெட்டிப் படங்களையும் ஒட்டினோம். சென்னையிலிருந்து 1978ஆம் ஆண்டு முதல் வெளிவந்த 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழின் நடுப்பக்க வண்ணப்படம் முடிதிருத்தும் நிலையங்களின் சுவரில் ஒட்டியிருக்கும். புதிய படம் வந்ததும் பழையது எமக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தோம். 1980ஆம் ஆண்டு மொஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா ஹொக்கித் தங்கம் வென்றபோது அணித் தலைவர் தமிழகத்தவராகிய வாசுதேவன் பாஸ்கரன். அவர் படத்துக்கு எம்முள் இருந்த மதிப்புப் பெரிது. பேரேட்டின் ஒரு முழுப் பக்கத்தை அவர்க்கென வெறுமையாக விட்டு வைத்திருந்த பையன் ஒருவனை நான் அறிவேன். படம் கிடைக்குமுன்னரே பக்கம் ஆயத்தமாக இருந்தது.

நிற்க. மாத்தளைக்கும் ஹொக்கிக்கும் உள்ள உறவை இம்மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிறர்க்காகச் சிறிது கூறுகிறேன். கிரிக்கெட்டே விளையாட்டு என்று எண்ணும் இந்நாட்டில் ஹொக்கிக் கோலோடு பையன்கள் வீதியில் நடந்து செல்லும் நகரங்கள் சிலவே. அவற்றுள் மாத்தளை முன்னிற்பது. கிறைஸ்ட் சேர்ச், சென் தோமஸ், விஜய, சாஹிரா முதலிய கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாக ஹொக்கி வீரர்களை உருவாக்கின. எட்வேட் பூங்கா என்று முதியோர் இன்றும் சொல்லும் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்தோர் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லா இனத்தாரும் ஆவர். தமிழ்நாட்டிற் கோவில்பட்டியை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அச்சிற்றூர் ஹொக்கிக்கும் பெயர்பெற்றது. தலைநகரங்கள் மறந்த ஆட்டத்தைச் சிறு நகரங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

ஆயினும் மாத்தளை ஹொக்கி வீரர் ஒருவரின் முகத்தை எந்த நிறுவனமாவது ஒட்டுப்படமாக அச்சிட்டதை நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. இலங்கை அணி ஒலிம்பிக் ஹொக்கியில் ஆடியதில்லை. விற்கும் முகத்தையே வணிகன் அச்சிடுவான். அல்பத்திற் கட்டம் வரைபவன் எவனோ அவனே எவர் நினைக்கப்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறான். 1936ஆம் ஆண்டு ஜெர்மன் அல்பம் அந்நாளைய ஆட்சியாளரின் பெருமையை வீடுதோறும் கொண்டுசென்றது; சிறுவர் விளையாட்டு என்று நினைத்து ஒட்டினர். கட்டம் வரைவோன் கையில் இத்துணை அதிகாரம் இருத்தலை ஆசிரியர்கள் கருதுதல் வேண்டும்.

இதனை எனக்கு நன்கு விளக்கியது ஒரு கடிதம். என்னோடு மாத்தளையிற் படித்த தோழர் ஒருவரின் தம்பி இன்று ரொறன்ரோவில் வாழ்கிறார். 1983ஆம் ஆண்டு யூலை இனவன்செயலில் மாத்தளை நகரமும் தீக்கிரையானபோது அவர்கள் வீடும் எரிந்தது. குடும்பம் முதலில் இந்தியாவுக்கும் பின்னர்க் கனடாவுக்கும் சென்றது. பன்னிரண்டு வயதில், மொழி தெரியாத வகுப்பறையில், அவருக்குக் கிடைத்த முதல் நட்பு ஹொக்கி ஒட்டுப்படத்தால் வந்ததாம். எண்களைச் சொல்லி மாற்றிக்கொள்வதற்கு அதிக ஆங்கிலம் வேண்டியதில்லை. வீரர் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தே அம்மொழியிற் பழகினார். வீடு மாறி வீடு மாறி அந்த அல்பம் தொலைந்து போயிற்று. ஐம்பது வயது ஆன பின் அதே ஆண்டு அல்பம் ஒன்றைத் தேடி வாங்கி, விடுபட்ட படங்களை ஒன்றொன்றாகச் சேர்த்து வருகிறார். இன்னும் ஏழு படங்களே குறை என்று எழுதியிருந்தார்.

கடிதத்தின் கடைசியில் வேறொரு வேண்டுகோள் இருந்தது. அவர் தந்தையார் 1960களில் மாத்தளை அணி ஒன்றில் ஹொக்கி ஆடியவர். வீட்டோடு படங்களும் எரிந்தன. தந்தையார் ஹொக்கிக் கோலோடு நிற்கும் படம் ஊரில் எவரிடமாவது உண்டா என்று கேட்டிருந்தார்.

தேடினேன். தேடல் எவ்வாறு நடந்தது என்பதை விரிக்க வேண்டியதில்லை. ஒருவர் மற்றொருவரைச் சுட்டினார், அவர் வேறொருவரைச் சுட்டினார். இறுதியில், எண்பது கடந்த சிங்களப் பெரியவர் ஒருவரின் வீட்டில், கண்ணாடிச் சட்டத்துள் அந்த அணியின் படம் இருந்தது. பதினொருவர். இருவர் முன்னே புற்றரையிற் கால்மடித்து அமர்ந்திருக்க, கோல்கள் குறுக்கே வைக்கப்பட்டிருந்தன. பெரியவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். தோழரின் தந்தையாரை உடனே காட்டினார். அவருடைய ஆட்டத்தையும் சொன்னார், இடப்பக்கத்து ஓரமாகப் பந்தைக் கொண்டுசெல்வதில் வல்லவராம். ஒன்பது பெயர்கள் வந்தன. இரண்டு பெயர்கள் வரவில்லை. அவ்விருவரின் முகத்தையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருவர் தோட்டத்திலிருந்து வந்து ஆடிய தமிழ்ப் பையன், மற்றவர் மலாயர் என்று மட்டும் சொன்னார்.

படத்தைப் பிரதிசெய்து ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். வந்த மறுமொழி நீளமானதன்று. நன்றி கூறிவிட்டு, இதனை எங்கே ஒட்டுவது என்று கேட்டிருந்தார். அவருடைய அல்பத்தில் இப்படத்துக்கு எண் இல்லை.

இக்கேள்விக்கு விடை கூறுதல் தமிழாசிரியனுக்கு உரிய வேலை என்று நான் கருதுகிறேன். ஏனெனில் தொகுத்தலிற் கைதேர்ந்த மரபு ஒன்று நமக்கு உண்டு. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடு இருக்கும் வீடு தேடி நடந்தும், கெஞ்சிக் கேட்டும், செல்லரித்ததைக் கண்டு நொந்தும் அவர்கள் செய்தது என்ன? எண்ணிட்ட கட்டங்களை நிரப்பினார்கள். புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. சாமிநாதையர் நினைத்திருந்தால் சங்கப் பாட்டைப் போல ஒன்று தாமே யாத்து அவ்விடத்தில் வைத்திருக்கலாம். அவர் புலமைக்கு அஃது அரிதன்று. அவர் வைத்தாரல்லர். எண்ணை விட்டார், இடத்தை விட்டார். அந்த வெற்றிடம் இருப்பதனால்தான் இருக்கின்ற பாட்டுகளை நாம் நம்புகிறோம்.

இதிலிருந்து பழைய ஒட்டுப்படம் சேர்ப்போர்க்கும் ஓர் உண்மை புலப்படும். பொருள்படைத்தோர் முற்றும் நிரம்பிய அல்பத்தைப் பெருவிலை கொடுத்து ஒரேயடியாக வாங்கிவிடுகின்றனர். அஃது உடைமையேயன்றித் தொகையன்று. ஏழு கட்டம் வெறுமையாக உள்ள அல்பத்தை வைத்திருப்பவர் அந்த ஏழின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்வார். நிரம்பியதை வாங்கியவர்க்கு எந்தப் பெயரும் தெரியவேண்டியதில்லை. இக்காலத்தில் கைப்பேசியில் ஆயிரம் படம் இருக்கும்போது அல்பம் எதற்கு என்று கேட்போரும் உளர். கைப்பேசியில் ஆயிரம் படம் உண்டு. வெறுங்கட்டம் ஒன்றும் இல்லை. எது குறைகிறது என்பதை அது ஒருநாளும் சொல்லாது.

மாத்தளையார்க்கு இவ்வுண்மை புதிதாக இருத்தல் கூடாது. நகருக்கு வடக்கே, பெருந்தெருவின் ஓரமாக அலுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாகக் காக்கப்பட்டு வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், பஞ்சமும் போரும் கண்டு அஞ்சிய பிக்குகளால் அங்கே ஏட்டில் எழுதப்பட்டது என்பது வரலாறு. மனப்பாடமாக அறிந்தோர் மாண்டால் நூலும் மாளும் என்பதே அவர்தம் அச்சம். அந்த விகாரையின் ஏட்டுச்சாலை 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது. இன்றும் அங்கே ஓலையில் எழுத்தாணியாற் கீறி மை தடவிக் காட்டுவதை மாணவர் சென்று பார்க்கலாம். எழுதிவைத்தலும் எரிந்துபோதலும் மீண்டும் எழுதுதலும் இம்மண் நெடுங்காலமாக அறிந்தவை.

தமிழராகிய நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழி நடந்து மலைநாட்டை அடைந்தபோது மாத்தளையே அவர்க்கு வாயிலாயிற்று. அவ்வழியில் வீழ்ந்தோர் பெயரை எழுதிவைத்த ஏடு நம்மிடம் இல்லை. அவர்தம் பாட்டுகளையேனும் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் காலத்தில் தொகுத்திராவிடின் அவையும் போயிருக்கும். தோட்டத்திலிருந்து வந்து ஹொக்கி ஆடிய பெயர் தெரியாத பையன் அந்த நீண்ட வரிசையில் ஒருவன். அவன் முகமாவது கண்ணாடிச் சட்டத்துள் எஞ்சியது. அதுவும் மாற்றினத்தார் ஒருவர் வீட்டுச் சுவரில் எஞ்சியது. நம் வீட்டில் எரிந்துபோனதன் மறுபிரதி அயலவர் வீட்டில் இருக்கக்கூடும் என்பதை ஒட்டுப்படம் மாற்றிய சிறுவர் எவரும் அறிவர். பெரியோராகிய நாம் மறந்துவிட்டோம்.

ஆகவே என் கருத்து இது. மாத்தளைப் பாடசாலைகள் தமக்கென ஹொக்கி அல்பம் ஒன்றைத் தொடங்குதல் வேண்டும். கடையில் வாங்கும் அல்பமன்று; மாணவர் கட்டம் வரைந்து, மாணவர் தேடி, மாணவர் ஒட்டும் அல்பம். ஆண்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பதினொரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் வீரர் பெயர், அணி, ஆண்டு, படம் தந்தவர் பெயர், பெயரை அடையாளம் காட்டியவர் பெயர் ஆகியன எழுதப்படல் வேண்டும். ஏடு தந்தோர் பெயரைப் பதிப்பாசிரியர்கள் நன்றியோடு முன்னுரையிற் குறித்த முறையே இஃது. மூலப்படம் உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும்; நமக்குப் பிரதி போதும். ஒரே முகத்துக்கு இரு முதியோர் இரு பெயர் சொன்னால் ஒன்றைத் தள்ளிவிடாது இரண்டையும் பாடபேதமாகக் குறிக்க வேண்டும். பெண்கள் ஆடிய ஆண்டுகளுக்கும் பக்கங்கள் வேண்டும். கிடைக்காத கட்டம் வெறுமையாகவே நிற்கட்டும். ஊகத்தால் எவரையும் அங்கே ஒட்டுதல் ஆகாது.

இதனாற் பரீட்சைப் புள்ளி கூடுமா என்று கேட்கும் அதிபர்களுக்கும் விடை உண்டு. மூலபாடம், பிரதி, பாடபேதம் என்னும் சொற்களை உயர்வகுப்பு மாணவர்க்கு விளக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு படத்தை வைத்துக்கொண்டு இரு முதியோர் வழக்காடுவதை ஒருமுறை கேட்ட மாணவனுக்கு அவை ஒரு நொடியில் விளங்கும். சிங்களமும் ஆங்கிலமும் பாடநூலில் மட்டும் படித்த தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பெரியவர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து, 'இவர் யார்?' என்று அவர் மொழியிற் கேட்கக் கற்றுக்கொள்ளும். சிங்களப் பாடசாலை மாணவனும் தமிழ் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் வந்து கேட்கட்டும். இன ஒற்றுமை பற்றி மேடைகளிற் பேசப்படுவனவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒருவர் கையில் உள்ளது மற்றவர்க்கு இல்லாதது என்று அறிந்து கதவைத் தட்டுவதில் உள்ள மெய்ம்மை மேடையில் இல்லை.

பழைய கதையைக் கிளறினாற் பழைய புண்ணும் கிளறப்படும் என்று அஞ்சுவோர் சிலர் உளர். அவர் அச்சத்தை நான் மதிக்கிறேன். சில வீடுகளில் படம் ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்வர். கேட்டால் உண்மையைச் சொல்வோம். ஆண்டு 1983 என்றும், வீடு எரிந்தது என்றும் அமைதியாகச் சொல்வோம். எரித்தோரும் அந்நகரில் இருந்தனர், அணித்தோழரின் படத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சுவரிலிருந்து இறக்காதவரும் அந்நகரில் இருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது பிழைபட்ட பதிப்பாகும்.

காலம் நீண்டதாக இல்லை. 1960களில் ஆடியோர் இன்று எண்பதை நெருங்குவோரும் கடந்தோருமாய் உள்ளனர். படம் சுவரில் இன்னும் பல ஆண்டு தொங்கும். பெயர் சொல்லும் வாய் அத்துணை ஆண்டு இராது. ஒன்பது பெயர்கள் சொன்ன பெரியவரிடம் பத்து ஆண்டுகளின் முன் சென்றிருந்தால் பதினொன்றும் கிடைத்திருக்கலாம். பத்து ஆண்டுகளின் பின் செல்வோர்க்கு எத்தனை கிடைக்கும்?

அடுத்த தவணை தொடங்கும்போது, மாத்தளையில் ஒரு பாடசாலையாவது ஒரு பேரேட்டைத் திறந்து முதற் பக்கத்திற் பதினொரு கட்டங்கள் வரைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதுக்கு என்னிடம் பெயரும் படமும் ஆயத்தமாக உள்ளன. மற்ற இருவரின் முகத்தையும் ஒட்டிப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுவோம். அவ்விருவரையும் அறிந்தவர் இப்பக்கத்தை வாசிப்போருள் இருக்கவும் கூடும்.